ஒரு நாட்டின் செய்தித்தாள்களுக்கு வயதும் வகையும் பார்ப்பது எப்படி

எந்த நாட்டைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தாலும், அங்கே வெளிவரும் செய்தித்தாள்களை ஒரு பட்டியல் போட்டுப் பார்ப்பது என் வழக்கம். எப்போது தொடங்கியது, எந்த ஊர், எந்த மொழி, யார் கையில் இருக்கிறது, நடுவில் எப்போது நின்றது. இந்த ஐந்தையும் ஒரு தாளில் எழுதி வைத்தால் அந்த நாடு பார்த்த போர், தடை, வரி எல்லாம் அந்தத் தாளிலேயே தலைகாட்ட ஆரம்பிக்கும். பெரிய படிப்பு தேவையில்லை, பொறுமை இருந்தால் போதும்.

முதலில் வயது. பத்திரிகையின் பெயருக்குக் கீழே நிறுவிய ஆண்டு என்று ஓர் எண் அச்சாகியிருக்கும். அதை அப்படியே எழுதிக்கொள்ளாதீர்கள், அந்த ஆண்டில் தொடங்கியது எது என்று பாருங்கள். லண்டன் டைம்ஸ் 1785-ல் தொடங்கியபோது அதன் பெயர் டெய்லி யுனிவர்சல் ரெஜிஸ்டர், டைம்ஸ் ஆனது 1788-ல். டைம்ஸ் ஆஃப் இந்தியா 1838-ல் பம்பாயில் வேறு பெயரில் வாரம் இருமுறை வந்தது, இப்போதைய பெயர் 1861-ல் வந்தது. தி இந்து 1878-ல் 80 பிரதிகளோடு வாரப் பத்திரிகையாகப் பிறந்து 1889-ல் நாளிதழானது. கார்டியன் 1821-ல் மான்செஸ்டரில் வார இதழ், 1855-ல் நாளிதழ், 1959-ல்தான் பெயரிலிருந்து மான்செஸ்டர் போனது. அதனால் ஓர் ஆண்டு எழுதுகிற இடத்தில் மூன்று எழுதுங்கள்: முதல் இதழ், நாளிதழான ஆண்டு, இப்போதைய பெயர் வந்த ஆண்டு.

இன்னொன்று, ஒரே ஆண்டு இரண்டு மூன்று பத்திரிகைகளுக்கு நேரே வந்தால் அங்கே நில்லுங்கள். மேலே சொன்ன 1855-ஐயே எடுத்துக்கொள்ளுங்களேன், டெய்லி டெலிகிராப் தொடங்கியதும் அதே ஆண்டுதான். அந்த ஆண்டில் பிரிட்டனில் செய்தித்தாள் மீதான முத்திரை வரியை நீக்கினார்கள், தினமும் மலிவாக விற்க வழி பிறந்தது.

அப்புறம் இடைவெளிகள். எனக்கு இந்த வேலையில் மனசைத் தொடுகிற பகுதி இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பிரான்ஸின் பட்டியலைப் போட்டால் 1944 என்ற எண் திரும்பத் திரும்ப வரும். ஜெர்மானிய ஆக்கிரமிப்பின்போது தொடர்ந்து வெளிவந்த பத்திரிகைகளை விடுதலைக்குப் பிறகு வெளிவர விடவில்லை. ஃபிகாரோ 1826-லிருந்து வருவது, அதுவரை ஆக்கிரமிக்காமல் விட்டிருந்த தெற்குப் பகுதிக்குள்ளும் ஜெர்மன் படை நுழைந்த 1942 நவம்பரில் தானே நிறுத்திக்கொண்டது, அதனால் 1944-ல் பழைய பெயரிலேயே திரும்பி வர முடிந்தது. லெ தாம் என்ற பெரிய நாளிதழும் அதே மாதம் நிறுத்தியது, ஆனால் இந்தத் தேதிக்குள் நிறுத்தியிருக்க வேண்டும் என்று அரசு பின்னர் வகுத்த கெடுவுக்குச் சில நாள் பிந்திவிட்டது. அதனால் அந்தப் பெயரில் மறுபடி வரவே முடியவில்லை. அதன் கட்டடத்தில்தான் 1944 டிசம்பரில் லெ மோந்த் தொடங்கியது. ரென் நகரத்தில் 1899-லிருந்து வந்த ஒரு பத்திரிகையின் இடத்தில் மேற்கு பிரான்ஸ் என்று பொருள்படும் உவெஸ்ட் பிரான்ஸ் பிறந்ததும் அதே 1944-ல்தான். ஜெர்மனியில் இதே வேலையை நேச நாடுகளின் உரிமங்கள் செய்தன, பவேரியாவில் முதல் உரிமம் பெற்ற சூட்டாய்ச்ச சைத்துங் 1945 அக்டோபரில் வெளிவந்தது. ஆக, 'இளம்' பத்திரிகை என்று நாம் எழுதி வைப்பதன் அடியில் ஒரு பழைய பத்திரிகையின் கட்டடமும் அச்சகமும் வாசகர்களும் இருக்கக்கூடும். பட்டியலில் 'யாருடைய இடத்தில்' என்று ஒரு கட்டம் கட்டாயம் போடுங்கள்.

இடைவெளி போரால் மட்டும் வருவதில்லை. தொழிலாளர் தகராறில் லண்டன் டைம்ஸ் 1978 டிசம்பரிலிருந்து 1979 நவம்பர் வரை, ஏறக்குறைய ஓராண்டு, அச்சாகவில்லை. வியன்னாவின் வீனர் சைத்துங் 1703-ல் தொடங்கியது, 1940-ல் நாஜிகள் மூடினார்கள், 1945-ல் திரும்ப வந்தது. இத்தனையும் தாங்கியதை 2023-ல் ஒரு சட்டம் நிறுத்தியது. நிறுவனங்கள் அதில் கட்டணம் கொடுத்து அறிவிப்பு வெளியிட வேண்டும் என்ற கட்டாயத்தை ஆஸ்திரியா நீக்கியது, வருமானம் போனது, 2023 ஜூன் 30-ஆம் தேதியோடு நாளிதழாக அச்சாவது முடிந்தது. இணையத்தில் தொடர்கிறது. ஸ்வீடனில் 1645-ல் தொடங்கிய அரசிதழும் 2007-லிருந்து இணையத்தில் மட்டும்தான். இவற்றின் வயதை எப்படி எழுதுவது? அச்சு முடிந்த ஆண்டையும் குறித்து, 'இணையத்தில் உண்டு' என்று பக்கத்தில் எழுதுவதே நேர்மை என்பது என் கருத்து.

'மிகப் பழமையானது' என்று யார் சொன்னாலும் அந்தச் சொல்லுக்கு முன்னால் என்ன அடைமொழி இருக்கிறது என்று பாருங்கள். அமெரிக்காவில் நியூ ஹாம்ப்ஷயர் கெஸட் 1756-ஐக் காட்டும், ஆனால் அந்தப் பெயர் வேறொரு பத்திரிகைக்குள் அடங்கிக் கிடந்து 1989-ல் மறுபடி தனி இதழானது. ஹார்ட்ஃபோர்ட் கூரன்ட் 1764-ஐச் சொல்லி, இடைவிடாமல் வருகிறோம் என்று சேர்த்துச் சொல்லும். இந்தியாவில் முதலாவது 1780-ல் கல்கத்தாவில் ஹிக்கி நடத்திய பெங்கால் கெஸட், அது 1782-ல் மூடப்பட்டது. இன்றும் வெளிவருவதில் பழையது என்றால் 1822-ல் குஜராத்தியில் தொடங்கிய மும்பை சமாச்சார். முதலாவது, இருப்பதில் பழையது, இடைவிடாதது என்று மூன்றுக்கும் தனித்தனிக் கட்டம் வையுங்கள்.

மலர் எண், இதழ் எண்ணைக் கணக்குப் போட்டு வயதைச் சரிபார்க்கலாம். ஆனால் அதிலும் முழு நம்பிக்கை வேண்டாம். நியூயார்க் டைம்ஸில் 1898 பிப்ரவரியில் 14,499-க்கு அடுத்த நாள் 15,000 என்று போட்டுவிட்டார்கள். அந்த 500 இதழ் வித்தியாசம் 2000 ஜனவரி 1-ஆம் தேதிதான் திருத்தப்பட்டது!

சரி, இதையெல்லாம் எங்கே தேடுவது? அந்த நாட்டின் தேசிய நூலக அட்டவணையில் தொடங்குங்கள், பல நாடுகளில் ஒவ்வொரு இதழையும் அங்கே ஒப்படைப்பது சட்டம். முந்தைய பெயர், பிந்தைய பெயர் இரண்டும் அந்தப் பதிவிலேயே இருக்கும். பெயர் பெரிதாக மாறினால், பத்திரிகைகளுக்கு அடையாளமாகத் தரப்படும் எட்டு இலக்க ஐஎஸ்எஸ்என் எண்ணும் மாறும், அதையும் பாருங்கள். பிறகு ஸ்கேன் செய்த இதழ்களை வைத்திருக்கும் இணையதளங்கள்: பிரான்ஸுக்கு காலிகா, ஆஸ்திரேலியாவுக்கு ட்ரோவ், நியூசிலாந்துக்கு பேப்பர்ஸ் பாஸ்ட், நெதர்லாந்துக்கு டெல்ஃபர், அமெரிக்காவுக்கு க்ரானிக்ளிங் அமெரிக்கா, எல்லாமே இலவசம். பெயருக்குக் கீழே 'இன்ன பத்திரிகை இதனுடன் இணைக்கப்பட்டது' என்று பொடி எழுத்தில் ஒரு வரி வந்தால் அதை விட்டுவிடாதீர்கள், ஒரு பத்திரிகை முடிந்துபோன இடம் அது.

அடுத்தது வகை, அதாவது எத்தனை விதமான குரல்கள் அங்கே இருக்கின்றன என்பது. இதில் பெயர்களை எண்ணினால் ஏமாந்து போவீர்கள், உரிமையாளர்களை எண்ணுங்கள். பத்து பெயர் இருந்தும் இரண்டே குழுமம் என்றால் அங்கே வகை இரண்டுதான். உரிமையாளர் யார் என்பது பெரும்பாலும் கடைசிப் பக்கத்தின் அடியில் இருக்கும் அச்சிடுபவர், வெளியிடுபவர் வரியில் கிடைக்கும். இந்தியப் பத்திரிகைகளின் பழைய மார்ச் மாத இதழ்களில் 'படிவம் 4' என்று ஓர் அறிவிப்பு வரும், மூலதனத்தில் ஒரு சதவீதத்துக்கு மேல் பங்கு உள்ளவர்களின் பெயர்கூட அதில் உண்டு.

உரிமையாளருக்கு அடுத்தபடி ஊரும் மொழியும். ஜப்பானில் பெரிய தேசிய நாளிதழ்களோடு ஒவ்வொரு மாகாணத்திலும் பலமான ஓர் உள்ளூர் நாளிதழ் நிற்பதைப் பார்க்கலாம், போர்க்காலத்தில் 'ஒரு மாகாணத்துக்கு ஒரு பத்திரிகை' என்று அரசு கட்டாயமாக இணைத்ததன் தழும்பு அது. நார்வேயிலும் ஸ்வீடனிலும் ஒரே ஊரில் இரண்டாவது பத்திரிகை பிழைத்திருந்தால் அரசு மானியம் உண்டா என்று பாருங்கள், நார்வே 1969-லும் ஸ்வீடன் 1971-லும் அதைத் தொடங்கின.

கடைசியாக ஒரு நாளைத் தேர்ந்தெடுத்து, கிடைக்கிற அத்தனை பத்திரிகைகளின் அந்த நாள் இதழையும் படியுங்கள். போர் முடிந்த நாள், தலைவர் இறந்த நாள் வேண்டாம், அன்றைக்கு எல்லா முதல் பக்கமும் ஒன்றுபோலத்தான் இருக்கும். ஒன்றுமே நடக்காத ஒரு செவ்வாய்க்கிழமையை எடுங்கள். எது முதல் பக்கத்துக்குப் போகிறது, யாருடைய விளம்பரம் வருகிறது, தலையங்கம் யாரைப் பார்த்துப் பேசுகிறது என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபின் உங்கள் பட்டியலில் வகை என்ற கட்டத்தை நிரப்புங்கள்.