வாட்டில் விதையும் ஃபில்டர் டிகாக்‌ஷனும்: வீட்டிலேயே காபி காக்டெய்ல்

நீலகிரியில் கூடலூர், பந்தலூர் பக்கம் காபிச் செடிக்கு நிழலாகவும் மிளகுக்கொடிக்குக் கொழுகொம்பாகவும் நிற்கும் சில்வர் ஓக் ஆஸ்திரேலிய மரம். ஊட்டி போகும் வழியில் உள்ள கற்பூர மரமும் (தைல மரம், யூகலிப்டஸ்), மேட்டில் மண்டிக்கிடக்கும் சீகை மரமும் அங்கிருந்து வந்தவைதான். அந்த நாட்டுச் சமையல் சரக்குகள் மட்டும் நம் மலைக்கு வந்து சேரவில்லை. வாட்டில் (அகேசியா மரம்) விதை, எலுமிச்சை வாசமுள்ள லெமன் மிர்ட்டில் இலை, மக்கடாமியா கொட்டை, மலை மிளகு, விரல் போல நீண்ட எலுமிச்சை வகையான ஃபிங்கர் லைம் ஆகிய ஐந்தும் காபியோடு நன்றாகச் சேரும். மெல்போர்னிலோ சிட்னியிலோ இருக்கும் சொந்தக்காரர் ஊருக்கு வரும்போது, வறுத்து அரைத்த தூளாகவும் காய்ந்த இலையாகவும் கடை பாக்கெட்டில் வாங்கி வரச் சொல்லுங்கள். முளைக்கக்கூடிய பச்சை விதை, நாற்று, பதியன் எதுவும் வேண்டாம். பயிர்நோய்த் தடுப்பு விதிகளில் மாட்டும்.

முதலில் ஓர் எச்சரிக்கை. பாக்கெட்டில் வருவது வாட்டில் விதைதானே, நம் சீகை மரமும் வாட்டில்தானே என்று அதன் விதையை வறுத்துவிடாதீர்கள். ஆஸ்திரேலியாவில் வாட்டில் வகை மட்டும் சுமார் ஆயிரம் உண்டு. சாப்பிடத் தகுந்தவை அதில் சிறு பங்குதான். நீலகிரியில் நட்ட கறுப்பு வாட்டில், தோல் பதனிடப் பட்டைக்காகக் கொண்டுவந்த மரம். அது சமையலுக்கானது இல்லை. தைல மரத்திலும் எலுமிச்சை வாசம் அடிக்கும் ஓர் இனம் இருக்கிறது. அதன் இலை லெமன் மிர்ட்டிலுக்கு மாற்று ஆகாது. தைலம் சில மில்லி உள்ளே போனாலே குழந்தைகளுக்கு ஆபத்து. அந்த வாசத்தை டம்ளருக்குள் கொண்டுவராதீர்கள்.

டிகாக்‌ஷன்

எஸ்பிரஸோ மெஷின் தேவையில்லை. நம் ஃபில்டரில் இறங்கும் கெட்டி டிகாக்‌ஷன் போதும், ஆனால் காலைக் காபிக்குப் போடுவதைவிடக் கெட்டியாக வேண்டும். 40 கிராம் தூளைப் போட்டு, குடைத்தட்டை லேசாக வையுங்கள், அழுத்த வேண்டாம். கொதித்து அடங்கிய தண்ணீர் 180 மில்லி அளந்துகொள்ளுங்கள். அதில் இரண்டு மேசைக்கரண்டியை முதலில் சுற்றிலும் ஊற்றி, தூள் ஊறி உப்பட்டும் என்று அரை நிமிடம் விட்டு, மீதியை ஊற்றி மூடுங்கள். தூள் தன் எடையைப் போல இருமடங்கு தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். அதனால் 100 மில்லிதான் கீழே இறங்கும். அது இரண்டு கிளாஸுக்குச் சரியாக வரும்.

சிக்கரி கலக்காத தூளாகக் கேட்டு வாங்குங்கள். சிக்கரியின் கருகல் கசப்பு வாட்டில் விதையின் வாசனையை முழுங்கிவிடும். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற வயநாடன் ரோபஸ்டா நமக்குப் பக்கத்திலேயே விளைகிறது. அதைத் தனியாகப் போட்டால் கசப்பு தூக்கலாகத் தெரியும். பாதி ரோபஸ்டா, பாதி அரபிகா என்று அரைத்து வாங்கினால் கெட்டித்தன்மையும் நிற்கும், மணமும் நிற்கும்.

டிகாக்‌ஷனைச் சூடாக ஐஸில் ஊற்றாதீர்கள். ஐஸ் பாதி கரைந்து எல்லாம் தண்ணீராகும். மூடிய பாத்திரத்தில் சூடாக எதையும் குலுக்கினால் உள்ளே அழுத்தம் ஏறி மூடி பறக்கும், கை வெந்துவிடும். கிண்ணத்தைத் தண்ணீரில் வைத்து ஆற்றினால் பத்து நிமிடத்தில் ஆறிவிடும். ஆறியதும் அன்றைக்கே பயன்படுத்துங்கள். நேற்றைய டிகாக்‌ஷனில் புளிப்பு தட்டும்.

வாட்டில் சிரப்

இதில் அதிகக் கவனம் வேண்டிய வேலை இதுதான். வறுத்த வாட்டில் விதைத் தூளில் காபி, கோகோ, வறுத்த கொட்டை மூன்றின் சாயலும் இருக்கும், காஃபின் கிடையாது. நேரே டம்ளரில் போட்டால் கரையாது, மணலாக அடியில் தங்கும். அதனால் சர்க்கரைப் பாகில்தான் அதன் வாசனையை இறக்க வேண்டும்.

200 மில்லி தண்ணீரில் 200 கிராம் சர்க்கரை கரைந்ததும் இரண்டு மேசைக்கரண்டி தூளைத் தூவுங்கள். முதலில் மேலே பழுப்பு நுரையாகக் கட்டி மிதக்கும். கரண்டியால் கலக்கிக்கொண்டே சின்னத் தீயில் ஐந்து நிமிடம் வைத்தால் தூள் தண்ணீரைக் குடித்துப் பருத்து அடியில் படியும். பாகின் நிறம் வெல்லப்பாகு போல மாறும். அடுப்பை அணைத்து, மூடி போட்டு, அரைமணி நேரம் ஊறவிடுங்கள். மல்மல் துணியில் வடிகட்டி, தானாக இறங்குவதோடு நிறுத்துங்கள். துணியைப் பிழிந்தால் வண்டல் வந்துவிடும், சிரப் கலங்கும். ஃப்ரிட்ஜில் இரண்டு வாரம் தாங்கும். தீயைக் கூட்டிக் கம்பிப்பதம் வரை விட்டால் குளிரில் உறைந்துபோகும், ஐஸோடு கலக்காது.

சக்கையைத் தூக்கிப் போடாதீர்கள். ஊறிப் பருத்த விதையில் இன்னும் வாசனை இருக்கும். கேக் மாவிலோ பிஸ்கட் மாவிலோ பிசைந்து சேர்க்கலாம்.

வாட்டில் ரம் காபி, ஒரு கிளாஸுக்கு

ஆறிய டிகாக்‌ஷன் 45 மில்லி, டார்க் ரம் 45 மில்லி, வாட்டில் சிரப் 20 மில்லி. வோட்காவும் போடலாம். ஆனால் ரோபஸ்டா கலந்த டிகாக்‌ஷனுக்கு ரம்மின் கரும்பு வாசனைதான் பொருத்தம் என்பது எங்கள் தீர்மானம். காபி லிக்கர் (காபி வாசனையுள்ள இனிப்பு மது) இருந்தால் 15 மில்லி சேர்த்து, சிரப்பை 10 மில்லியாகக் குறையுங்கள்.

ஷேக்கர் இல்லையென்றால் திருகு மூடியுள்ள, வாயகன்ற ஸ்டீல் பாட்டில் போதும். கண்ணாடிப் பாட்டிலில் ஐஸ் போட்டுக் குலுக்காதீர்கள், விரிசல் விடும். ஃப்ரீசரில் இருந்து அப்போதே எடுத்த, உலர்ந்த பெரிய கட்டிகள் ஏழெட்டு போடுங்கள். வெளியே கிடந்து வியர்த்த ஐஸ் கரைய ஆரம்பித்துவிட்டது என்று பொருள், பானம் நீர்த்துப்போகும். பதினைந்து விநாடி, கை வலிக்கும் அளவுக்குக் குலுக்குங்கள். பாட்டிலின் வெளிப்பக்கம் பனி பூத்து விரல் ஒட்டினால் சரியான பதம். டீ வடிகட்டி வழியாக, ஃப்ரீசரில் குளிரவைத்த கிளாஸில் ஒரே மூச்சில் ஊற்றி, அசைக்காமல் ஒரு நிமிடம் வையுங்கள். நுரை மேலேறி நிற்கும்.

நுரை வரவில்லையென்றால் பெரும்பாலும் காரணம் டிகாக்‌ஷன் நீர்த்திருப்பது, அல்லது குலுக்கல் போதாமை. மெஷினில் அழுத்தத்தோடு இறங்கும் காபியைவிட நம் டிகாக்‌ஷனில் நுரை குறைவுதான். அதைச் சரிக்கட்டக் கொண்டைக்கடலை வேகவைத்த, உப்புப் போடாத கெட்டித் தண்ணீர் 15 மில்லி சேருங்கள். முதலில் ஐஸ் இல்லாமல் பத்து விநாடி, பிறகு ஐஸோடு பதினைந்து விநாடி குலுக்கினால் நுரை விரலளவு கட்டும். கடலை வாசனை தெரியாது.

லெமன் மிர்ட்டிலும் மக்கடாமியாவும்

பால் காபியில் எலுமிச்சை பிழிந்தால் திரியும். லெமன் மிர்ட்டிலில் எலுமிச்சை வாசம் மட்டும்தான், புளிப்பு இல்லை, ஆகவே பால் திரியாது. அதனால்தான் இந்த இலை காபிக்கு அவ்வளவு அருமையாகப் பொருந்துகிறது. வாசத்துக்குக் காரணம் சிட்ரால் என்ற எண்ணெய்ப் பொருள். அது சூட்டில் பறந்துவிடும். எனவே பாகு கொதித்து, அடுப்பை அணைத்த பிறகுதான் இலையைப் போட வேண்டும். 200 மில்லி தண்ணீர், 200 கிராம் சர்க்கரைப் பாகுக்கு ஒரு தேக்கரண்டி காய்ந்த இலைத்தூள்; மூடி போட்டு ஏழு நிமிடம், உடனே வடிகட்டல். அளவோ நேரமோ கூடினால் சோப்புத் தண்ணீர் வாசம் அடிக்கும், அதைத் திருத்த வழியில்லை. இலை கிடைக்கவில்லையென்றால் எலுமிச்சைப் புல்லைப் போடுங்கள். அதிலும் சிட்ரால்தான் பிரதானம். ஒரு சாண் நீளத்தில் இரண்டு தண்டை நசுக்கிப் போட்டுப் பதினைந்து நிமிடம் விடலாம்.

உப்பில்லாத மக்கடாமியா 100 கிராமை மூன்று மணி நேரம் ஊறவைத்து, 300 மில்லி புதுத் தண்ணீர் விட்டு மிக்ஸியில் நைசாக அரைத்து வடிகட்டினால் தேங்காய்ப்பால் கனத்தில் பால் கிடைக்கும். பருப்பில் முக்கால் பங்கு கொழுப்பு என்பதால் நின்றால் பிரியும். ஊற்றும்முன் குலுக்க வேண்டும். ஃப்ரிட்ஜில் மூன்று நாள் தாங்கும். பருப்பு லேசாகச் சிக்கு நாற்றம் அடித்தாலே ஒதுக்கிவிடுங்கள். வீட்டில் நாய் இருந்தால் சக்கையைக் கூட அதற்குப் போடாதீர்கள், மக்கடாமியா நாய்க்கு நஞ்சு. விருந்தினருக்குக் கொட்டைப் பருப்பு ஒவ்வாமை உண்டா என்றும் கேட்டுவிடுங்கள்.

டிகாக்‌ஷன் 40, மக்கடாமியா பால் 60, மிர்ட்டில் சிரப் 20, ஒயிட் ரம் 45 மில்லி. குலுக்கி, புது ஐஸ் நிரப்பிய உயர்ந்த டம்ளரில் ஊற்றுங்கள். இனிப்பு போதாது என்று தோன்றினால், இரண்டு வாய் குடித்த பிறகு சேருங்கள். குளிர்ந்ததில் நாக்குக்கு இனிப்பு மெதுவாகத்தான் தெரியும்.

ஃபிங்கர் லைமின் முத்துகள் பல்லில் பட்டு வெடித்துப் புளிக்கும். பாலோடு கூடாது, டானிக் வாட்டர் என்ற கசப்பு சோடாவோடு சேரும். கிடைக்காவிட்டால் பம்ப்ளிமாஸ் சுளையை உதிர்த்து, எலுமிச்சைச் சாறு சில துளி விட்டுப் பயன்படுத்துங்கள். இதற்கு மட்டும் டிகாக்‌ஷன் வேண்டாம்: ரவைப் பதத்தில் அரைத்த அரபிகா 50 கிராமை 400 மில்லி குளிர்ந்த தண்ணீரில் ஃப்ரிட்ஜில் பதினான்கு மணி நேரம் வைத்து வடிகட்டுங்கள். டம்ளரில் ஐஸ், 30 மில்லி ஜின், 100 மில்லி டானிக் முதலில். 50 மில்லி காபியைக் கரண்டியின் முதுகில் மெல்ல ஊற்றுங்கள். காபியின் மேல் டானிக்கை ஊற்றினால் பொங்கி மேசையெல்லாம் வழியும்.

டாஸ்மேனியாவின் மலை மிளகு நம் மிளகு போல உடனே உறைக்காது. முதலில் பழ இனிப்பு, சற்றுத் தாமதமாக நாக்கு மரத்துப்போகும் உறைப்பு. இரண்டு மணியை நசுக்கி ரம் காபியோடு சேர்த்துக் குலுக்கினால் போதும். மூன்றுக்கு மேல் போனால் வேறு எந்த ருசியும் தெரியாது.

மது வேண்டாதவர்களுக்கு ரம்மின் இடத்தில் வாட்டில் கஷாயம்: ஒரு தேக்கரண்டி தூளில் 100 மில்லி கொதிநீர், பத்து நிமிடம் ஊறவைத்து வடிகட்டி ஆறவைத்து, 45 மில்லி. வெறும் தண்ணீர் ஊற்றினால் வரும் வெறுமை இதில் இருக்காது.

கேரள எல்லைக்கு அந்தப் பக்கம் பாட்டில் விலையும் வகையும் வேறாக இருக்கலாம். ஆனால் மாநிலம் தாண்டி மது கொண்டுவருவது சோதனைச்சாவடியில் வழக்காகலாம், குடிக்கும் பக்கத்திலேயே வாங்குங்கள். கேரளத்தில் 23 வயது, தமிழ்நாட்டில் 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். ரோபஸ்டாவில் அரபிகாவைப் போல ஏறக்குறைய இருமடங்கு காஃபின். அது தூக்கத்தை விரட்டும், போதையைக் குறைக்காது. தெளிவாக இருப்பதுபோல ஒரு நினைப்பை மட்டும் தரும். அதனால் ஒருவருக்கு இரண்டு கிளாஸோடு நிறுத்துங்கள். குடித்தவர் யாரும் அன்றிரவு நாடுகாணி சுரத்தில் (கேரளத்துக்கு இறங்கும் மலைப்பாதையில்) வண்டி எடுக்கக் கூடாது, படுக்கை போட்டுக் கொடுங்கள்.