கிறிஸ்தவப் பார்வையில் கவுன்சிலிங் படிக்க: கடலூர், புதுச்சேரிப் பிள்ளைகளுக்கு

டிகிரி முடித்துவிட்டு சபையில் வாலிபர் கூட்டம், ஞாயிறு பள்ளி என்று ஊழியம் செய்கிற பிள்ளைகள் பலர், கிறிஸ்தவ முறையில் கவுன்சிலிங் படிக்கணும், எங்கே சேரலாம் என்று கேட்கிறார்கள். நல்ல ஆசை. ஆனால் எங்கே சேரலாம் என்பதற்கு முன்னால், படித்து முடித்துவிட்டு எங்கே உட்காரப் போகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள். சபையிலா, மிஷன் ஆஸ்பத்திரியில் நோயாளிகளுக்காக ஊழியம் செய்கிற சாப்ளினாகவா, பள்ளி கல்லூரியில் கவுன்சிலராகவா? இடத்துக்கு இடம் கேட்கிற பட்டம் வேறு. இதை யோசிக்காமல் போய் இரண்டு வருடம் படித்துவிட்டு, சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு இது எங்கே செல்லும் என்று விசாரிக்கிறவர்களைப் பார்த்தால் மனசு கஷ்டமாக இருக்கிறது.

போதகராகவோ சாப்ளினாகவோ போகிறவர்களுக்குப் பாதை தெளிவானது. செராம்பூர் கல்லூரியின் பெயரில் இறையியல் பட்டம் தருகிற செராம்பூர் செனட்டின் கீழ் பி.டி. என்ற இறையியல் இளநிலைப் பட்டம், அதன்பின் எம்.டி.எச். என்ற இறையியல் முதுகலையில் மேய்ப்புப் பணியும் ஆலோசனையும் என்ற பிரிவு. பி.டி. இல்லாமல் நேரடியாக எம்.டி.எச். சேர முடியாது, பி.காம். முடித்தவர்கள் இதைக் கவனிக்கணும். பட்டதாரிகளுக்கு பி.டி. நான்கு வருடம், எம்.டி.எச். இரண்டு வருடம் என்றால் மொத்தம் ஆறு வருடம், வீட்டில் பேசிவிட்டு இறங்குங்கள். சென்னை குருகுல், மதுரை அரசரடி, பெங்களூர் யு.டி.சி. ஆகிய இறையியல் கல்லூரிகள் எல்லாம் இந்த செனட்டோடு இணைந்தவை. ஆற்காடு லுத்தரன் திருச்சபைப் பிள்ளைகளுக்குத் தலைமையகம் கடலூரிலேயே இருக்கிறது, அங்கே போய்ப் பேசினாலே பாதி விவரம் கிடைத்துவிடும். செராம்பூர் கல்லூரிக்குப் பட்டம் கொடுக்கும் உரிமையை 1827-ல் தந்தவர் டென்மார்க் அரசர், கடலூரில் டேனிஷ் மிஷன் பள்ளியைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது கொஞ்சம் சொந்தக் கதை மாதிரி இருக்கும்.

ஏ.டி.ஏ. என்கிற ஆசிய இறையியல் சங்கத்தின் அங்கீகாரம் மட்டும் உள்ள செமினரிகளிலும் நல்ல ஆசிரியர்கள் இருக்கிறார்கள், பாடமும் ஆழமாக இருக்கும். அந்தப் பட்டம் சபைக்குள்ளும் செமினரிக்குள்ளும் செல்லும், அரசு வேலைக்கோ பொதுப் பல்கலைக்கழக பிஎச்.டி.க்கோ அதை நம்பிப் போகாதீர்கள்.

பள்ளியிலோ கல்லூரியிலோ ஆஸ்பத்திரியிலோ வேலை என்றால் உளவியல் முதுகலைதான் அடிப்படை. காலாப்பட்டில் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் பயன்பாட்டு உளவியல் துறை இருக்கிறது, அதற்கு சி.யு.இ.டி. முதுகலை என்கிற பொது நுழைவுத் தேர்வு எழுதணும். சிதம்பரத்தில் தபால் வழியில் அக்கா எம்.எஸ்சி. சைக்காலஜி முடித்தார், நானும் அப்படியே படிக்கிறேன் என்று கணக்குப் போடாதீர்கள். 2025 ஜூலை-ஆகஸ்ட் பருவத்திலிருந்து உளவியலைத் தொலைதூரக் கல்வியிலும் ஆன்லைனிலும் நடத்தக்கூடாது என்று யு.ஜி.சி. சொல்லிவிட்டது. அப்புறம், கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று போர்டு மாட்ட இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு வேண்டும், எம்.ஏ.வோ டிப்ளமோவோ அதற்குப் போதாது, சபைக்குள்ளேயே நடத்துகிற ஆலோசனை மையமானாலும் அந்தப் பெயரைப் போடக்கூடாது.

இந்த முதுகலையில் விசுவாசத்துக்கு இடம் இருக்காது. அதனால் கூடவே வேலூர் சாயிநாதபுரத்தில் இருக்கிற கிறிஸ்டியன் கவுன்சிலிங் சென்டர் மாதிரி ஒரு இடத்தில் பயிற்சி எடுங்கள். விழுப்புரம் போய் காட்பாடி ரயிலைப் பிடித்தால் வேலூர். போவதற்கு முன்னால் இந்த வருடம் என்ன பயிற்சி எப்போது தொடங்குகிறது என்று போனில் கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி முக்கியமானதுக்கு வருகிறேன். எந்த இடமானாலும், மேற்பார்வையில் ஆள் பார்க்கிற பயிற்சி இருக்கிறதா என்று கேளுங்கள். ஆலோசனைக்கு வருகிற ஒருவரை நீங்கள் பார்த்து, நடந்ததை எழுதி, மூத்தவர் ஒருவரிடம் கொண்டுபோய், அவர் வரிவரியாகப் படித்துக் கேள்வி கேட்கணும். இது இல்லாத படிப்பு எவ்வளவு பெரிய பெயராக இருந்தாலும் எனக்கு அதில் நம்பிக்கை இல்லை.

வெர்பாட்டிம் என்று ஒன்று எழுதச் சொல்வார்கள். பேசியதை ஞாபகத்திலிருந்து அப்படியே எழுதுவது. தேவனாம்பட்டினத்தில் கணவரை இழந்த ஒரு அம்மாவைப் போய்ப் பார்க்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அவர் சொல்கிறார், "ராத்திரி படுத்தா தூக்கமே வரல, அவரு செருப்பு இன்னும் வாசல்லயே கெடக்குது." நீங்கள் சொல்கிறீர்கள், "கவலைப்படாதீங்கம்மா, கர்த்தர் பார்த்துக்குவார்." அவர் தலையாட்டிவிட்டு, "காப்பி போடட்டா தம்பி?" என்கிறார். எழுதும்போது எல்லாம் நல்லபடியாகப் போன மாதிரிதான் தெரியும். மேற்பார்வையாளர் கேட்பார்: அந்தச் செருப்பு எங்கே போச்சு? அவர் ஒரு கதவைத் திறந்தார், நீங்கள் வசனத்தை வைத்து மூடிவிட்டீர்கள், அந்த நேரத்தில் ஆறுதல் தேவைப்பட்டது அவருக்கா உங்களுக்கா? ஒரு மணி நேரம் இப்படி உட்கார்ந்தால் ஒரு செமஸ்டர் பாடம் உள்ளே இறங்கும்.

வேதத்தையும் உளவியலையும் எப்படிச் சேர்ப்பது என்பதில் கல்லூரிக்குக் கல்லூரி கருத்து மாறும். வேதம் மட்டுமே போதும், மன வேதனையின் வேர் பாவம்தான் என்று போதிக்கிற ஒரு வழி அமெரிக்காவில் 1970-களில் வலுப்பெற்று இங்கேயும் வந்தது. இரண்டையும் மதித்துச் சேர்த்துக் கற்பிக்கிற வழி இன்னொன்று. நான் இரண்டாவதன் பக்கம். சூரைச்செடியின் கீழே படுத்து, போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும் என்ற எலியாவுக்கு தேவதூதன் முதலில் கொடுத்தது அடையும் தண்ணீரும்தான். யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் வாய் திறக்காமல் தரையில் உட்கார்ந்திருந்தவரைக்கும் நல்ல ஆலோசகர்களாகத்தான் இருந்தார்கள், பேச ஆரம்பித்த பிறகுதான் எல்லாம் கெட்டது. அமெரிக்க உளவியலாளர் கார்ல் ராஜர்ஸ்கூட உளவியலுக்கு வருவதற்கு முன்னால் நியூயார்க்கில் இறையியல் படித்தவர், காது கொடுத்துக் கேட்பதன் மதிப்பை அவரிடம் படிப்பதால் விசுவாசம் ஒன்றும் குறைந்துவிடாது.

சேர்வதற்கு முன் ஆசிரியர்களிடம் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: குரல் கேட்கிறது என்று சொல்கிற ஒரு பையனை ஜெபத்துக்கு அழைத்து வருகிறார்கள், என்ன செய்யச் சொல்லிக் கொடுப்பீர்கள்? ஜெபிப்போம், அதோடு அன்றைக்கே ஜிப்மர் மனநலப் பிரிவுக்கோ கடலூர் அரசு தலைமை மருத்துவமனைக்கோ அனுப்புவோம் என்று தயங்காமல் பதில் வந்தால் அங்கே சேரலாம். உபவாச ஜெபத்திலேயே மாத்திரையை நிறுத்தச் சொல்கிற இடம் என்றால் வேண்டாம். சாகணும்போல இருக்கு என்று ஒருவர் சொன்னால் என்ன கேட்கணும், யாரைக் கூப்பிடணும் என்பதும் பாடத்தில் இருக்கணும். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416 இப்போதே உங்கள் போனில் இருக்கட்டும்.

ரகசியம் காப்பதையும் சரியாகப் படித்துக்கொள்ளுங்கள். கத்தோலிக்கக் குருவானவர் பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதை யாரிடமும் சொல்ல மாட்டார். உங்கள் ஆலோசனை அறைக்கு அந்த விதி இல்லை. பிள்ளை மேல் பாலியல் கொடுமை நடந்ததாகத் தெரிந்தால் 2012 போக்சோ சட்டப்படி போலீசுக்குச் சொல்லியே ஆகணும், சொல்லாமல் விட்டால் அது குற்றம், சம்பந்தப்பட்டவர் சபை மூப்பராக இருந்தாலும் அதேதான். முதல் சந்திப்பிலேயே இந்த வரம்பை வந்தவரிடம் சொல்லிவிடுங்கள். ஜெபக் குறிப்பு என்ற பெயரில் அவர் கதையைக் கூட்டத்தில் வாசிக்கிற பழக்கம் நம் சபைகளில் இருக்கிறது, அதற்கும் நீங்கள் உடன்படக்கூடாது.

விண்ணப்பத்தோடு ஞானஸ்நானச் சான்றிதழும் சபையின் சிபாரிசுக் கடிதமும் கேட்பார்கள். போதகரிடம் டிசம்பரில் போய் நிற்காதீர்கள், கிறிஸ்துமஸ் முடிகிறவரை அவருக்கு மூச்சுவிட நேரம் இருக்காது, அக்டோபரிலேயே வாங்கி வைத்துவிடுங்கள்.