கையெழுத்துச் சாயலில் இசைக்குறி எழுத்துரு செய்வது எப்படி

இசைக்குறி மென்பொருளில் தெரியும் பக்கம் முழுவதும் எழுத்துருவால் ஆனதல்ல. ஸ்டேவ் எனப்படும் ஐந்து கோடுகள், சுரத்தின் தண்டு, தண்டுகளை இணைக்கும் தடித்த பீம், குறுக்கே பிரிக்கும் பார் கோடு, சுரங்களைச் சேர்க்கும் வளைகோடான ஸ்லர் எல்லாவற்றையும் மென்பொருளே அடிமட்டம் வைத்ததுபோல இழுத்துக்கொள்ளும். சுரத்தின் முட்டை வடிவத் தலை, தண்டின் நுனியிலுள்ள கொடி, ஸ்டேவின் தொடக்கத்தில் வரும் கிளெஃப், மௌனத்தைக் காட்டும் ரெஸ்ட், சுரத்தைக் கூட்டும் ஷார்ப், குறைக்கும் ஃபிளாட், தாள எண், ஒலியின் அளவைச் சொல்லும் டைனமிக்ஸ் எழுத்து ஆகியவைதான் உங்கள் கையில். கோடுகள் நேராக நிற்க, குறிகள் மட்டும் தள்ளாடினால் பக்கம் கையால் எழுதியதாகத் தெரியாது. பிழையாக அச்சானதாகத்தான் தெரியும். பேனையின் சாய்வும் தடிப்பும் எல்லாக் குறிகளிலும் ஒன்றாக இருந்தால்தான் கையெழுத்துச் சாயல் வரும்.

எனவே எல்லா அளவுகளையும் ஸ்டேவின் இரண்டு கோடுகளுக்கு நடுவிலுள்ள தூரத்தால் கணக்கிடுங்கள். அதை ‘இடைவெளி’ என்போம். கடதாசியில் ஓர் இடைவெளி 6 மி.மீ. வரும்படி ஐந்து கோடுகளை வெளிர் நீலத்தில் அச்சடித்து, சப்பை நுனியுள்ள 3 மி.மீ. காலிகிராஃபி பேனையால் எழுதுங்கள். பீமின் வழக்கமான தடிப்பு அரை இடைவெளி. பேனையின் நுனியும் அதே அரை இடைவெளியாக இருப்பதால் மென்பொருள் இழுத்த பீமும் உங்கள் குறிகளின் மிகத் தடித்த கோடும் ஒரே பேனையால் வந்தவைபோல் நிற்கும். பேனையைக் கிடைக்கோட்டுக்கு 30 முதல் 40 பாகைக்குள் ஒரு சாய்வில் பிடித்து, கடைசிக் குறி வரை அதை மாற்றாதீர்கள்.

திருகோணமலையில் ஐப்பசி தொடங்கினால் மாரி ஈரத்தில் சாதாரண 70, 80 கிராம் போட்டோக்கொப்பிக் கடதாசியில் மை கசிந்து ஓரம் பிசிறும். அந்தப் பிசிறு ஒவ்வொன்றையும் கணினி ஒரு புள்ளியாக எடுத்துக்கொள்ளும். 100 கிராமுக்குக் குறையாத வழவழப்பான கடதாசியைப் பொலித்தீன் உறையில் வைத்திருந்து, எழுதும் நேரத்தில் மட்டும் வெளியே எடுங்கள்.

ஒவ்வொரு குறியையும் பத்துத் தடவையாவது எழுதி, அதில் ஒன்றைத் தெரிவு செய்யுங்கள். கிளெஃப், குரோச்செட் (கால் சுரம்) ரெஸ்ட், கொடி ஆகியவற்றில் துடிப்பான வடிவத்தை எடுக்கலாம். தலைக்கு மட்டும், இருப்பதில் மிகச் சாதாரணமானதையே எடுங்கள். மென்பொருள் ஒரே தலையைப் பக்கம் முழுவதும் திரும்பத் திரும்ப வைக்கும். அதில் ஒரு சிறு மேடு இருந்தால் நூறு இடத்தில் அதே மேடு கண்ணில் குத்தும்.

600 டிபிஐயில் சாம்பல் நிறமாக ஸ்கேன் செய்து பிஎன்ஜி கோப்பாகச் சேமியுங்கள். கைபேசிப் படம் வேண்டாம். ஓரங்களில் கோடு வளைந்துவிடும். இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளின் ‘ட்ரேஸ் பிட்மேப்’ வெளிக்கோட்டை எடுத்துத் தரும். பிறகு ‘சிம்ப்ளிஃபை’ கொடுத்துப் புள்ளிகளைக் குறையுங்கள். ஒரு தலைக்கு 8 முதல் 12 புள்ளிகள் போதும்.

அடுத்தது எழுத்துரு செய்யும் மென்பொருளான ஃபொன்ட்ஃபோர்ஜ். இசை எழுத்துருக்களின் பொதுத் தரம் ஸ்மூஃபிள். அதன்படி நான்கு இடைவெளி, அதாவது ஸ்டேவின் முழு உயரம், ஓர் எம் (எழுத்துருவின் அடிப்படை அளவு). எம் அளவை 1000 என வைத்தால் ஓர் இடைவெளி 250 அலகு. ஒவ்வொரு குறிக்கும் தரத்தில் ஒரு யூனிகோட் இலக்கம் உண்டு (‘ஈ’, ‘ஏ’ என்பவை ஆங்கில E, A): ட்ரெபிள் கிளெஃப் ஈ050, பேஸ் கிளெஃப் ஈ062, கறுப்புத் தலை ஈ0ஏ4, நடுவில் துளையுள்ள மினிம் (அரைச் சுரம்) தலை ஈ0ஏ3, குவேவர் (அரைக்கால் சுரம்) கொடி மேலே ஈ240, கீழே ஈ241, ஃபிளாட் ஈ260, ஷார்ப் ஈ262, தாள எண்கள் ஈ080 முதல் ஈ089 வரை. தரத்தில் ஆயிரக்கணக்கான குறிகள் உண்டு. ஒரு பாடகர் குழுவின் தாளுக்கு அறுபது எழுபது போதும்.

குறி எங்கே உட்காருகிறது என்பதில்தான் பொறுமை வேண்டும். வெளிக்கோடு கொஞ்சம் அசையலாம்; நங்கூரம், அதாவது குறியை ஸ்டேவிலோ தண்டிலோ பிடித்து வைக்கும் புள்ளி, அசையக்கூடாது. தலையின் நடுமட்டம் எழுத்துருவின் அடிக்கோட்டில், அதாவது செங்குத்து 0 இல் இருக்க வேண்டும்; இடது ஓரம் கிடை 0 இல். ட்ரெபிள் கிளெஃப்பில் ஜி சுரத்தைச் சுற்றும் சுழியின் நடு 0 இல் வரும். கொடிக்கு 0 என்பது தண்டின் நுனி. தாள எண் இரண்டு இடைவெளி உயரம்: 0 இலிருந்து மேலே 250, கீழே 250.

கடைசியில் ‘கரெக்ட் டைரெக்ஷன்’ கொடுக்க மறக்காதீர்கள். மினிம் தலையின் உள்வளையம் வெளிவளையத்தின் திசையிலேயே சுற்றினால் துளை அடைபட்டு, மினிம் எல்லாம் குரோச்செட்டாகத் தெரியும். ட்ரெபிள் கிளெஃப்பின் உச்சி வெட்டுப்பட்டால் எழுத்துருத் தகவலில் ‘வின் அசென்ட்’, ‘வின் டிசென்ட்’ அளவுகளைக் கூட்டுங்கள். அந்தக் குறி மேலே சுமார் 1100, கீழே 660 அலகு வரை போகும்.

எழுத்துருவோடு அதே பெயரில் ஒரு ஜேசன் கோப்பும் (அளவுகளை எழுதி வைக்கும் உரைக் கோப்பு) வேண்டும். தண்டு எங்கே ஒட்டுவது, கோடு எவ்வளவு தடிப்பு என்பதெல்லாம் அதில்தான். இங்கே எண்கள் இடைவெளியில் எழுதப்படும், அலகில் அல்ல. தலையின் அகலம் 295 அலகானால் தண்டின் நங்கூரம் 1.18. மறந்து 295 என்றே எழுதினால் தண்டு பக்கத்தை விட்டே பறந்துவிடும். நங்கூரம் தலைக்கு வெளியே விழுந்தால் நடுவில் வெள்ளைக் கீற்று தெரியும். தரத்தின் மாதிரி எழுத்துருவான பிராவுராவில் தண்டின் தடிப்பு 0.12, ஸ்டேவ் கோடு 0.13. கையெழுத்துச் சாயலுக்குத் தண்டை 0.15 வரை கூட்டினால் பேனை எழுத்தோடு ஒத்துப்போகும். பிராவுரா திறந்த உரிமத்தில் கிடைக்கிறது. திறந்து பார்த்து அளவெடுங்கள். அதன் கோடுகளையே திருத்தி வெளியிடுவதானால் அந்தப் பெயரை வைக்க முடியாது.

விண்டோஸில் ஜேசன் கோப்பை ‘ப்ரோகிராம் ஃபைல்ஸ்’ உள்ளே ‘காமன் ஃபைல்ஸ்’, ‘ஸ்மூஃபிள்’, ‘ஃபொன்ட்ஸ்’ என்ற வரிசையில் எழுத்துருவின் பெயருள்ள கோப்புறையில் வையுங்கள். டொரிக்கோ என்ற இசைக்குறி மென்பொருள் அங்கேதான் தேடும்.

சோதனைக்குத் தமிழ் வரிகளோடு நான்கு குரல் பாட்டொன்றை எடுங்கள். ‘ணை’, ‘ஞா’ போன்ற அகலமான அசைகள் சுரங்களைத் தள்ளி வைக்கும். குறிகளுக்கு இடையே வெறுமை கூடும்போது மெலிந்த ரெஸ்ட்டும் ஃபிளாட்டும் காணாமல் போகின்றனவா என்று பாருங்கள். பிறகு அச்சடித்து, கொப்பியின் கொப்பியின் கொப்பி எடுங்கள். நத்தார் நேரத்தில் பாடுபவர் கைக்குப் போவது பெரும்பாலும் அதுதான். ஸ்டேவ் 7 மி.மீ. உயரமானால் 20 அலகுக் கோடு கடதாசியில் 0.14 மி.மீ.தான். அதைவிட மெல்லிய கோடு மூன்றாவது கொப்பியில் அறுந்துவிடும். அப்படி அறுந்த இடங்களை மட்டும் ஃபொன்ட்ஃபோர்ஜில் 25 அலகு வரை தடிப்பாக்குங்கள்.