எல்இடி எரிய வேண்டும், எரிந்து போகக் கூடாது

"பிளக் பாயிண்ட்ல கரண்ட் இருக்கா பாரு" என்று வீட்டில் எல்லோரும் சொல்வோம். உண்மையில் எதுவும் செருகாத பிளக் பாயிண்டில் கரண்ட் ஓடுவதே இல்லை, அங்கே காத்துக்கொண்டிருப்பது 230 வோல்ட். வோல்ட் என்பது தள்ளும் அழுத்தம், கரண்ட் என்பது அந்தத் தள்ளலால் ஓடுவது. ஓடுவதற்குப் புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வரும் முழு வட்டம் ஒன்று வேண்டும். அதுதான் சர்க்யூட். ஸ்விட்ச் செய்வதெல்லாம் வட்டத்தை ஓரிடத்தில் அறுப்பதும் சேர்ப்பதும்தான்.

இதைக் கையால் செய்து பார்த்தால்தான் மனதில் நிற்கும். ஒரு 9 வோல்ட் பேட்டரி, அதன் கிளிப், சிவப்பு எல்இடி நாலைந்து, 470 ஓம் ரெசிஸ்டர் சில (ரெசிஸ்டர் கரண்டைத் தடுத்துக் குறைப்பது, ஓம் அந்தத் தடையின் அளவு), துளைகளில் செருகியே இணைப்புக் கொடுக்கும் பிரெட்போர்டு ஒன்று, வோல்ட்டையும் கரண்டையும் அளக்கும் சாதாரண மல்டிமீட்டர் போதும். வீட்டு லைன் பக்கம் மட்டும் இப்போதைக்குப் போகவே வேண்டாம்.

நான் முதன்முதலில் எல்இடியை நேராகப் பேட்டரியில் வைத்தேன். பளிச்சென்று ஒரு மின்னல், அப்புறம் ஒன்றுமில்லை. சிவப்பு எல்இடி எரியும்போது ஏறக்குறைய 2 வோல்ட்டைத்தான் தன்மேல் எடுத்துக்கொள்ளும், மிச்சம் 7 வோல்ட்டை வட்டத்தில் வேறு யாராவது தாங்கியாக வேண்டும், தாங்க ஆளில்லாவிட்டால் கரண்ட் கண்டபடி ஏறி எல்இடியைக் கருக்கிவிடும். அந்த ஆள்தான் ரெசிஸ்டர்.

எவ்வளவு ஓம்? ஜார்ஜ் ஓம் 1827-இல் எழுதிவைத்த கணக்குதான்: வோல்ட்டைக் கரண்டால் வகுத்தால் ஓம். கரண்டை ஆம்பியரில் அளப்பார்கள், அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு மில்லி ஆம்பியர். இந்த வகை எல்இடிக்கு 20 மில்லி ஆம்பியர் உச்சம், நாம் 15-ஓடு, அதாவது 0.015 ஆம்பியரோடு நிறுத்திக்கொள்வோம். 7-ஐ 0.015-ஆல் வகுத்தால் 467 வரும். கடையில் 467 கிடைக்காது, 470 கிடைக்கும், அதுவே போதும். அதன் மேலுள்ள பட்டைகள் மஞ்சள், ஊதா, பழுப்பு: 4, 7, பின்னால் ஒரு பூஜ்யம். சூடாகுமா என்றால், 7 வோல்ட்டை 0.015-ஆல் பெருக்கினால் 0.1 வாட்தான், கால் வாட் ரெசிஸ்டருக்கு அது ஒன்றுமே இல்லை.

இப்போது பிரெட்போர்டு. ஒரு வரிசையில் உள்ள 5 துளைகளும் அடியில் ஒன்றாக இணைந்தவை. எல்இடியின் இரண்டு காலையும் ஒரே வரிசையில் செருகிவிட்டு "எரியலையே" என்று விழிப்பவர்கள் ஏராளம், ஏனென்றால் கரண்ட் அடியிலுள்ள தகடு வழியாகவே போய்விடும், எல்இடிக்குள் நுழையாது. பேட்டரியின் பிளஸ்ஸிலிருந்து ரெசிஸ்டர், அதிலிருந்து எல்இடியின் நீளமான கால், குட்டைக் காலிலிருந்து மைனஸ். எரியவில்லையா, முதலில் எல்இடியைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள்.

எரிந்ததும் நிறுத்திவிடாதீர்கள், எனக்குப் பிடித்த இடமே இனிமேல்தான். மல்டிமீட்டரை டிசி 20 வோல்ட்டில் வைத்து எல்இடியின் இரு காலிலும் தொடுங்கள், 2-ஐ ஒட்டி வரும். ரெசிஸ்டரில் 7-ஐ ஒட்டி. பேட்டரியையும் அளந்து பாருங்கள், இரண்டின் கூட்டல் அங்கே நிற்கும். கரண்டை அளப்பது வேறு கதை: வட்டத்தை ஓரிடத்தில் பிரித்து மீட்டரை நடுவில் நுழைக்க வேண்டும். ஆம்பியர் அளவில் வைத்தபடி பேட்டரியின் இரு முனையிலும் தொட்டால் மீட்டரின் ஃபியூஸ் போய்விடும். எனக்குப் போயிருக்கிறது.

சரி, இரண்டு எல்இடியை வரிசையாக, ஒன்றன்பின் ஒன்றாகப் போடுங்கள். 4 வோல்ட் அவற்றுக்கே போய்விடும், மீதி 5-ஐ 470-ஆல் வகுத்தால் 10 மில்லி ஆம்பியர் சொச்சம், அதனால் கொஞ்சம் மங்கல். நான்கு போட்டால் மினுக்கும், ஐந்து போட்டால் எரியாது. கோயில் திருவிழாவின் பழைய சீரியல் செட்டில் ஒரு பல்ப் போனால் அந்தச் சரமே அணைவதும் இந்த வரிசையால்தான். வீட்டு ஒயரிங் இப்படி இல்லை, ஃபேனை நிறுத்தினால் லைட் அணையாதே, ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பாதை, அது பேரலல்.

பேரலலில் போடும்போது எல்லா எல்இடிக்கும் சேர்த்து ஒரே ரெசிஸ்டர் என்று சிக்கனம் பிடிக்காதீர்கள். எந்த இரண்டு எல்இடியும் அச்சாக ஒன்றுபோல் இருக்காது, கொஞ்சம் குறைந்த வோல்ட்டிலேயே எரியத் தொடங்குவது மற்றதன் பங்கையும் இழுத்துக்கொள்ளும். ஒவ்வொன்றுக்கும் தனி ரெசிஸ்டர் கொடுங்கள்.

முடித்ததும் பேட்டரியைக் கழற்றி, முனைகளில் ஒரு துண்டு டேப் ஒட்டி வையுங்கள். பையில் சாவிக்கொத்தோடு கிடந்தால் சாவியே வட்டத்தை முடித்துவிடும், அங்கே ரெசிஸ்டர் எதுவும் இருக்காது.