இனப்படுகொலை "திடீர்னு" வெடிக்கிறதில்ல: இதப் பத்திப் பேசும்போது நாம பண்ற தப்புகள்

ஆப்பிரிக்க நாடான ருவாண்டான்னாலே நிறைய பேர் சொல்றது, ஹூட்டு, டுட்சிங்கிற ரெண்டு இனத்துக்கு நடுவுல இருந்த பல வருஷப் பகை ஒருநாள் திடீர்னு வெடிச்சிருச்சுன்னுதான். 1994 ஏப்ரல் 6 ராத்திரி ஜனாதிபதி ஹபியரிமானா போன விமானத்த சுட்டு வீழ்த்தினாங்க, அதுக்கப்புறம் நூறு நாளுக்குள்ள சுமார் 8 லட்சம் பேர் கொல்லப்பட்டாங்க, பெரும்பாலும் அங்க சிறுபான்மையா இருந்த டுட்சி மக்கள். இதெல்லாம் சரி, அந்த "திடீர்னு" மட்டும் சுத்தமா தப்பு.

அதுக்கு மூணு மாசம் முன்னாடியே, ஜனவரி 11ம் தேதி, அங்க ஐநா படைக்குத் தளபதியா இருந்த கனடாக்காரர் ரோமியோ டலேர் நியூயார்க்குக்கு ஒரு ஃபேக்ஸ் அனுப்பிட்டார். இன்டரஹாம்வேங்கிற ஆயுதக் கும்பலுக்கு பயிற்சி கொடுக்கிற ஒரு பெரிய ஆளே வந்து சொல்லியிருக்கான், தலைநகர் கிகாலில இருக்க டுட்சிகள் எல்லாரையும் பதிவு பண்ணச் சொல்லி உத்தரவு, கொன்னு தீர்க்கத்தான்னு எனக்கு சந்தேகம், எங்க ஆளுங்களால 20 நிமிஷத்துல 1000 பேர் வரைக்கும் கொல்ல முடியும்னு. பெல்ஜியம் சிப்பாய்கள் சில பேர கொன்னா பெல்ஜியம் படைய வாபஸ் வாங்கிரும்ங்கிற திட்டம் கூட அதுல இருக்கு. ஏப்ரல் 7ம் தேதி 10 பெல்ஜியம் சிப்பாய்களக் கொன்னாங்க, பெல்ஜியமும் கெளம்பிருச்சு. அந்த ஃபேக்ஸோட தலைப்ப பாத்தீங்கன்னா "தகவல் கொடுத்தவருக்குப் பாதுகாப்பு கோரி"ன்னு தான் இருக்கும், ஏதோ ஆபீஸ் லெட்டர் மாதிரி, எனக்கு ஒவ்வொரு தடவையும் அந்த வரியத் தாண்டிப் போகவே முடியாது.

ஆயுதம் பதுக்கி வச்ச எடத்த 36 மணி நேரத்துக்குள்ள ரெய்டு பண்றேன்னு டலேர் சொன்னதுக்கு வந்த பதில், வேணாம், அது உங்க அதிகாரத்துக்குள்ள வராது, போய் ஜனாதிபதிகிட்ட சொல்லுங்க, அமெரிக்கா பிரான்ஸ் பெல்ஜியம் தூதர்கள்கிட்டயும் சொல்லுங்கன்னு. இன்டரஹாம்வே அந்த ஜனாதிபதி கட்சியோட இளைஞர் அணிங்க! அதனால "தகவல் சரியா கிடைச்சிருந்தா தடுத்திருக்கலாம்"னு சொல்றது அடுத்த தப்பு. தகவல் இருந்துச்சு, அதக் கேட்டு கண்டிப்பா எறங்கியே ஆகணும்ங்கிற எண்ணம்தான் யாருக்கும் இல்ல. கொல நடந்துட்டு இருக்கும்போதே, ஏப்ரல் 21ல, பாதுகாப்புச் சபை அந்தப் படைய 270 பேரா கொறைக்க ஓட்டுப் போட்டுச்சு.

அப்புறம் "மொதல்ல இது இனப்படுகொலையான்னு முடிவு பண்ணுங்க"ன்னு காத்திருக்கறது. 1994ல அமெரிக்க அதிகாரிங்க "இனப்படுகொலைச் செயல்கள் நடந்திருக்கலாம்"னு வார்த்தைய அளந்து அளந்து பேசிட்டு இருந்தாங்க, அங்க ஆத்துல பொணம் மெதந்துட்டு இருந்துச்சு. சட்டமும் அப்படிக் காத்திருக்கச் சொல்லல. செர்பியா மேல போஸ்னியா போட்ட இனப்படுகொலை வழக்குல 2007ல சர்வதேச நீதிமன்றம் தெளிவா சொல்லிருச்சு, பெரிய ஆபத்து இருக்குன்னு ஒரு நாட்டுக்குத் தெரிஞ்ச, இல்ல தெரிஞ்சிருக்க வேண்டிய அந்த நிமிஷமே தடுக்கிற கடமை ஆரம்பிச்சிருதுன்னு.

பொணத்த எண்ணிட்டு இருக்கறதும் தப்பு, அது முன்னெச்சரிக்கையே இல்ல. அடையாள அட்டைல இனத்தப் போட்டு வச்சது, ரேடியோவுல டுட்சிகள கரப்பான்பூச்சின்னு பேசினது, இதுதான் அறிகுறி, இந்த மாதிரி வெறுப்புப் பேச்சையெல்லாம் சேர்த்துதான் ஐநா 2014ல 14 ஆபத்துக் காரணிகள்னு ஒரு பட்டியலே போட்டுச்சு.

ருவாண்டாவுக்கு அப்புறம் எல்லாம் திருந்திருச்சுன்னு நம்பறவங்களுக்கு கிளிநொச்சிய ஞாபகப்படுத்தணும். 2004லயே இனப்படுகொலையத் தடுக்க ஐநால சிறப்பு ஆலோசகர் பதவி வந்தாச்சு, 2005ல உலக நாடுகள் எல்லாம் சேர்ந்து மக்களக் காக்கிறது எங்க பொறுப்புன்னு ஒத்துக்கிட்டாச்சு. ஆனாலும் இலங்கைப் போர் நடந்துட்டு இருந்த 2008 செப்டம்பர்ல ஐநா ஊழியர்கள் வன்னிய விட்டுக் கெளம்பினப்ப, போகாதீங்கன்னு சனங்க ஐநா ஆபீஸ் வாசல்ல நின்னு கெஞ்சினாங்க, அவங்க போயிட்டாங்க. கொழும்புல இருந்த ஐநா ஆளுங்க சாவு எண்ணிக்கைய சேகரிச்சும் வெளிப்படையா சொல்லாம விட்டத, 2012ல சார்ல்ஸ் பெட்ரி தலைமையிலான ஐநாவோட உள் விசாரணையே ஒத்துக்கிச்சு.

கடைசியா ஒண்ணு, "இதெல்லாம் எங்கயுமே வேலைக்கு ஆகாது"ன்னு கைய விரிக்கறது. கென்யால 2007 டிசம்பர் தேர்தலுக்கு அப்புறம் ஆயிரத்துக்கும் மேல செத்தாங்க, ஆனா ஐநாவோட முன்னாள் பொதுச்செயலாளர் கோஃபி அன்னான் ஜனவரியிலயே போய் உக்காந்து ரெண்டு தரப்பையும் வாரக்கணக்குல விடாம பேச வச்சு, 2008 பிப்ரவரி 28ல ஒப்பந்தத்துல கையெழுத்து வாங்கிட்டார். டலேரோட ஃபேக்ஸுக்கு வேணாம்னு பதில் போன அந்த ஐநா பிரிவுக்கு 1994ல தலைவரா இருந்தவரும் இதே அன்னான்தான்.