நோராவுக்கு வக்காலத்து எதற்கு?

சிக்கலான பெண்ணை நடுவில் வைத்து நாடகமோ திரைக்கதையோ எழுத உட்காருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் வழுக்குகிறார்கள். பார்க்கிறவர்களுக்கு இவளைப் பிடிக்காமல் போய்விடுமோ என்ற பயம். அந்தப் பயத்தில் அவளுக்கு வக்காலத்து வாங்க ஆரம்பித்துவிடுகிறார்கள்.

நார்வே நாடகாசிரியர் இப்செனுக்கே இந்தச் சோதனை வந்தது. 'பொம்மை வீடு' 1879 டிசம்பரில் கோபன்ஹேகனில் மேடையேறியது. கடைசியில் நோரா கணவனையும் மூன்று குழந்தைகளையும் விட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போகிறாள். ஜெர்மனியில் நோராவாக நடிக்கவிருந்த ஹெட்விக் நீமன்-ராபே இந்த முடிவில் நடிக்க மறுத்தார். அங்கே இப்செனின் நாடகத்துக்குக் காப்புரிமைப் பாதுகாப்பு கிடையாது. வேறு யாரோ கைவைப்பதற்குப் பதில் தானே வைக்கலாம் என்று இப்சென் 1880-ல் மாற்று முடிவு ஒன்று எழுதிக் கொடுத்தார். அதில் கணவன் ஹெல்மர் அவளைக் குழந்தைகள் தூங்கும் அறை வாசலுக்கு இழுத்துப் போகிறான். அவள் அங்கேயே சரிய, திரை விழுகிறது. அது காட்டுமிராண்டித்தனம் என்று எழுதியவரே சொன்னார். முடிவில் அவளைத் 'திருத்தி' வீட்டுக்கு அனுப்பும் பழக்கம் நம் சீரியல்களோடு பிறந்ததில்லை.

அடுத்த தவறு, அவளைக் குறையே இல்லாதவளாக ஆக்குவது. நோரா முதல் காட்சியிலேயே பொய் சொல்கிறாள். அதுவும் தின்பண்டத்துக்காக. கணவன் சாப்பிடக் கூடாது என்று சொன்ன மக்ரூனை (பெயரளவில் நம் தூத்துக்குடிச் சரக்குக்குச் சொந்தம்) ஒளித்துத் தின்கிறாள். கேட்டால் இல்லை என்கிறாள். குடும்ப நண்பர் டாக்டர் ராங்கிடம் தோழி கொடுத்ததாகப் பழியைத் திருப்பிவிடுகிறாள். பிறகு அதே ராங்கிடம் உதவி கேட்க நினைத்து, பட்டுக் காலுறையைக் காட்டிக் கொஞ்சிப் பேசுகிறாள். அவர் காதலைச் சொன்னதும் சட்டென்று விலகி, விளக்கைக் கொண்டுவரச் சொல்கிறாள். அவள் நல்லவளா கெட்டவளா? இந்தக் காட்சியை வெட்டிவிட்டால் அந்தக் கேள்வியே எழாது, நோராவும் இருக்கமாட்டாள்.

பணத்தை மறப்பது இன்னொன்று. நோராவின் ரகசியம் காதல் இல்லை, கடன்: 4,800 குரோனர். நோயாளிக் கணவனை இத்தாலிக்குக் கூட்டிப்போக வாங்கியது. கடன் பத்திரத்தில் ஜாமீனுக்கு அப்பாவின் கையெழுத்தைத் தானே போட்டுவிட்டாள். அப்பா இறந்தது செப்டம்பர் 29. கையெழுத்துக்குக் கீழே இருக்கும் தேதி அக்டோபர் 2. மூன்று நாள் பிசகில் மாட்டிக்கொள்கிறாள். உங்கள் நாயகி வீட்டு வாடகையை எப்படிக் கட்டுகிறாள் என்று உங்களுக்கே தெரியாவிட்டால், அவள் எவ்வளவு அழுதாலும் ஒட்டாது.

சிகரெட், பஞ்ச் வசனம், யாரையும் மதிக்காத பார்வை, இதெல்லாம் சேர்ந்தால் 'தைரியமான பெண்' என்பதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஆண் கதாநாயகனின் சட்டையை வாங்கி மாட்டிவிடுகிற வேலை அது.

நான் அதிகம் செய்த தவறு வேறு. ஒரு குறுநாடகத்தில் கடுகடுப்பான அக்கா ஒருத்தியை எழுதினேன். ஒத்திகையில் நன்றாகத்தான் போனது. அப்புறம் பயம் வந்து, சின்ன வயதில் அவளுக்கு நேர்ந்த கொடுமை என்று ஒரு காட்சியைச் சொருகினேன். பார்த்தவர்கள் "பாவம்" என்றார்கள். அதுவரை அவளோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தவர்கள் அந்த நிமிடத்தோடு அவளை மறந்துவிட்டார்கள். ஒரே காயத்தை வைத்து முழு ஆளையும் விளக்கினால் இப்படித்தான் ஆகும்.

கடந்த காலமே கூடாது என்று சொல்லவில்லை. ருத்ரய்யாவின் 'அவள் அப்படித்தான்' (1978) படத்தில் மஞ்சு தன் பழைய கதைகளைச் சொல்லத்தான் செய்கிறாள். ஆனால் அவை அவளை மன்னிக்க வைக்கும் சாவியாக வருவதில்லை. சொல்லி முடித்த பிறகும் எரிந்து விழுகிறாள், நெருங்கி வந்த அருணைத் தள்ளிவிடுகிறாள். ஸ்ரீபிரியா அதை அனுதாபம் கேட்காமல் நடித்திருப்பார். கடைசியில் அருணின் புது மனைவியிடம் பெண் விடுதலை பற்றி என்ன நினைக்கிறாய் என்று மஞ்சு கேட்க, அந்தப் பெண் தனக்குத் தெரியாது என்கிறாள். அதனால்தான் நீ சந்தோஷமாக இருக்கிறாய் என்கிறாள் மஞ்சு. பொறாமையா, ஏளனமா, நிஜமான வாழ்த்தா? படம் சொல்லாது. மஞ்சு இறங்கிக்கொள்கிறாள், கார் போய்விடுகிறது.