ராஸ் வாங்கும் முன்: வலை, மணல், பொறுமை

உப்புநீர்த் தொட்டியில் ராஸ் மீன் காணாமல் போனால் பலரும் முதலில் தண்ணீரைத்தான் சந்தேகப்படுகிறார்கள். இரண்டு நாள் கழித்து, கேபினெட்டுக்குப் பின்னால் காய்ந்து கிடக்கும் மீனைப் பார்த்த பிறகுதான் மூடி ஞாபகத்துக்கு வரும். ராஸ் மீனை வீட்டில் இழப்பதற்குப் பெரும்பாலும் மூன்று காரணங்கள்: துள்ளி வெளியே விழுவது, படுக்க இடம் இல்லாமல் மிரண்டு போவது, வந்த முதல் வாரத்திலேயே மற்ற மீன்களிடம் அடி வாங்குவது. மூன்றுக்கும் ஏற்பாடு மீன் வருவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும்.

ராஸ் என்பது ஒரு மீனின் பெயர் அல்ல, பெரிய குடும்பம். நம் கடலோரப் பாறைகளில் மேயும் பச்சையும் நீலமுமான நிலா ராஸும் அதில் ஒன்று. அது 20 செ.மீ.க்கு மேல் வளரும், இறால், நண்டு, பொடிமீன் எதையும் விடாது. வீட்டுத் தொட்டிக்கு வேண்டாம். உடலில் கறுப்புக் கோடு ஓடும் கிளீனர் ராஸையும் வாங்காதீர்கள். மற்ற மீன்களின் உடலில் உள்ள ஒட்டுண்ணியைத் தின்று பிழைக்கும் மீன் அது. வீட்டில் பெரும்பாலும் மெலிந்தே சாகிறது.

பவளத் தொட்டிக்குப் பொருந்துபவை ஃபேரி ராஸ், ஃப்ளாஷர் ராஸ், ஹாலிகோரஸ் இனத்தின் சிறிய வகைகள். 90×45×45 செ.மீ. தொட்டி, அதாவது சுமார் 180 லிட்டர், 8 செ.மீ. அளவே வளரும் ஃப்ளாஷருக்குப் போதும். 12 செ.மீ. வரை வளரும் ஃபேரிக்கும் மஞ்சள் ஹாலிகோரஸுக்கும் 120 செ.மீ. நீளத் தொட்டி வையுங்கள். லெபர்ட் ராஸ் பார்க்க அவ்வளவு அழகு, ஆனால் பாறையில் ஊறும் பொடி உயிர்களைக் கொத்தித் தின்றே பழகியது. ஒரு வருடமாவது ஓடிய தொட்டி இல்லையென்றால் அதைத் தொடாதீர்கள்.

வாங்கும் முன் அந்த மீன் எப்படித் தூங்கும் என்று தெரிந்துகொள்ளுங்கள். ஹாலிகோரஸும் லெபர்டும் விளக்கு அணைந்ததும் மணலுக்குள் புதைந்துவிடும். ஃபேரியும் ஃப்ளாஷரும் பாறை இடுக்கில் ஒதுங்கி, தன்னைச் சுற்றிக் கண்ணாடி போன்ற சளிப்பை ஒன்றைக் கட்டிக்கொண்டு உறங்கும். காலையில் பாறையில் தொங்கும் அந்தச் சவ்வைப் பார்த்து நோய் என்று மருந்து ஊற்றுகிறவர்கள் உண்டு. அது வெறும் படுக்கைதான்.

மணலில் தூங்கும் மீனுக்கு 5 முதல் 8 செ.மீ. ஆழம் தேவை, பருக்கை 0.5 முதல் 1.5 மி.மீ.க்குள் இருக்கட்டும். 120×50 செ.மீ. தரையில் 6 செ.மீ. பரப்ப 36 லிட்டர் மணல், ஏறக்குறைய 50 கிலோ அரகோனைட் (தொட்டிக்கென விற்கும் சுண்ணாம்பு மணல்) பிடிக்கும். பவளத்தூள் சல்லி கூர்மையானது, பாயும் மீனின் வாயையும் செதிலையும் கிழிக்கும். தரையில் மணல் இல்லாத தொட்டி என்றால் 25×25 செ.மீ. பிளாஸ்டிக் டப்பாவில் 8 செ.மீ. மணல் நிரப்பிப் பாறைக்குப் பின்னால் வைத்தாலும் மீன் கண்டுபிடித்துவிடும்.

வீட்டிலிருந்து கடற்கரை எட்டும் தூரம்தானே என்று அங்கே மணல் அள்ளாதீர்கள். கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சி ஓரம் கரையில் கறுப்பாக மின்னுவது இல்மனைட், கார்னெட், மோனசைட் கலந்த கனிம மணல். இல்மனைட்டில் இரும்பு, மோனசைட்டில் தோரியம். பாசி சுரண்டும் காந்த ஸ்கிரேப்பரில் ஒட்டிக்கொண்டு கண்ணாடியைக் கீறும் மணல் அது, ராஸ் வாய்க்குள் போக வேண்டியதும் இல்லை. கடல்நீர் எடுப்பவர்கள் மணக்குடி, தேங்காப்பட்டணம் போன்ற, ஆறு கடலில் சேரும் பொழிமுகங்களையும் டீசல் மிதக்கும் துறைமுகங்களையும் விட்டுத் தள்ளி எடுங்கள். மழைக்குப் பிறகு உப்பளவு இறங்கியிருக்கும், அளக்காமல் ஊற்றாதீர்கள். ஆர்ஓ-டிஐ நீரில் (கரைந்த உப்பெல்லாம் வடிகட்டி நீக்கிய நீர்) உப்பு கலக்குவது எப்போதும் ஒரே மாதிரி வரும்: 100 லிட்டருக்கு ஏறக்குறைய 3.6 கிலோ, அடர்த்தி 1.025. கல் பவளம் எல்லாமே 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது, கடலிலிருந்து பவளப்பாறை எடுக்கக் கூடாது. செயற்கைப் பாறையே போதும்.

இனி மூடி. முழுக் கண்ணாடி போட்டு மூடினால் நம் புழுக்கத்தில் தொட்டி வேகும், காற்றும் ஓடாது. வலைமூடிதான் சரி. ஒயரிங் கடையில் கிடைக்கும் பிவிசி கேசிங்-கேப்பிங் பட்டையை (ஒயர் போகும் பள்ளப்பட்டை கேசிங், அதன் மூடி கேப்பிங்) வாங்குங்கள், அலுமினியச் சட்டம் உப்பில் அரித்துவிடும். தொட்டியின் உள்விளிம்பை அளந்து நான்கு பட்டைகளை மூலையில் 45 டிகிரிக்கு அறுத்து, கேசிங் பகுதியைச் சட்டமாக வைத்து மூலைகளை ஃபெவிக்விக்கால் ஒட்டுங்கள். வலையை மேலே விரித்து, ஒருவர் இழுத்துப் பிடிக்க, இன்னொருவர் கேப்பிங்கை அழுத்தினால் 'டக்' என்று பூட்டி வலை உள்ளே சிக்கிக்கொள்ளும். வெளியே நீட்டியதை பிளேடால் வெட்டிவிடலாம்.

வலைக்கண் 6 மி.மீ.க்கு மேல் வேண்டாம், ஃப்ளாஷர் ராஸ் மெலிந்த உடம்புக்காரன். குளச்சல் பக்கம் வலைக்கடையில் மலிவாகக் கிடைக்கும் தங்கூசி வலையில் ஒரு சிக்கல் இருக்கிறது: முடிச்சு வலையின் கண் சாய்சதுரமாக இழுபடும், கடையில் பார்த்த அளவு சட்டத்தில் ஏற்றியதும் மாறிவிடும். சட்டத்தில் இறுக்கிய பிறகு ஸ்கேல் வைத்து அளங்கள். முடிச்சில்லாத வலை கிடைத்தால் அதுவே நல்லது. ஹீட்டர் ஒயர், குழாய் இறங்கும் மூலையில்தான் ராஸ் வெளியேறும். அந்த வெட்டைச் சுற்றி வலைத்துண்டை ஜிப் டை போட்டுக் கட்டுங்கள். தொட்டி நீர் வழிந்து இறங்கும் ஓவர்ஃப்ளோ பெட்டியின் வாயையும் மூடுங்கள்.

வெப்பநிலை 25 முதல் 27 டிகிரி. நாகர்கோவிலில் மார்ச் முதல் மே வரை மோட்டார் சூடும் சேர்ந்து தொட்டி 30ஐத் தாண்டும். நீர்ப்பரப்பில் படும்படி ஃபேன் வைத்தால் 2 டிகிரி குறையும், ஆனால் காற்றில் ஈரம் நிறைந்த நாளில் ஆவியாதல் குறைந்து ஃபேன் கைவிட்டுவிடும். அதற்குத் தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர்தான் வழி. ஆவியாகிப் போன அளவுக்கு உப்பு கலக்காத ஆர்ஓ நீர் மட்டும் ஊற்றுங்கள், உப்பு தொட்டியிலேயே இருக்கிறது.

கடையில் மீனைச் சாப்பிட வைத்துப் பாருங்கள். வயிறு ஒட்டியது, உதடு கிழிந்தது, தலை மேலே வால் கீழே என்று நீந்துவது எதையும் எடுக்காதீர்கள். சென்னையிலிருந்து இரவு ரயிலில் வரும் பை 12 மணி நேரத்துக்கு மேல் மூடியே இருக்கும். மீன் விட்ட கரியமில வாயு தண்ணீரின் பிஹெச்சைக் குறைத்து, சேர்ந்த அம்மோனியாவின் வீரியத்தை அடக்கி வைத்திருக்கும். பையைத் திறந்ததும் வாயு போய், பிஹெச் ஏறி, அதே அம்மோனியா விஷமாகும். எனவே ஒரு மணி நேரம் சொட்டுச் சொட்டாக நீர் விடும் முறை இதற்கு ஆகாது. முந்தின நாளே கடைக்காரரிடம் உப்பளவைக் கேட்டு, தனிமைத் தொட்டியை (புது மீனைச் சில வாரம் தனியே வைத்துக் கவனிக்கும் தொட்டி) அதே அளவுக்குக் கலக்கி வையுங்கள். பையை மூடியபடி 20 நிமிடம் மிதக்க விட்டு, பிறகு திறந்து, மீனைக் கப்பில் அள்ளி விடுங்கள். பைத் தண்ணீர் உள்ளே போகக் கூடாது. உப்பளவைப் பின்னர் நாளுக்கு 0.001 வீதம் 1.025க்கு ஏற்றலாம்.

தனிமை 4 வாரம். ஃபேரிக்கு ஒதுங்கப் பிவிசி எல்போ (குழாய் வளைவு) இரண்டு மூன்று போதும், ஹாலிகோரஸுக்கு மணல் டப்பா கட்டாயம். காப்பர் மருந்து போடுவதாக இருந்தால் டப்பாவில் சிலிக்கா மணல் போடுங்கள். சுண்ணாம்பு மணல் காப்பரை உறிஞ்சி, மருந்தின் அளவைச் சத்தமில்லாமல் இறக்கிவிடும்.

வந்த அன்றே மணலுக்குள் போன ஹாலிகோரஸ் 2 முதல் 5 நாள் வெளியே வராமல் இருக்கலாம். கிளறாதீர்கள். தயாரானதும் முதலில் தலை மட்டும் நீளும், இரண்டு கண்ணும் தனித்தனித் திசையில் சுழன்று பார்க்கும், ஆள் அசைந்தால் மறுபடி உள்ளே. விளக்கை மங்கலாக வைத்துச் சிறிது உணவு விட்டு விலகிவிடுங்கள்.

தீனி நாளுக்கு 2 அல்லது 3 வேளை, 2 நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு. மைசிஸ் (இறால் போன்ற பொடி உயிர்) நல்லது. பச்சைக் கூனி கிடைக்கும் நாளில் அலசி உறைய வைத்துக்கொள்ளுங்கள், உப்புக் கருவாடான கூனி ஆகாது. இறாலை 2 மி.மீ. துண்டாக நறுக்குங்கள். சாளை வேண்டாம், எண்ணெய்ப் படலம் கட்டும்.

பெரிய தொட்டியில் சாதுவான ஃப்ளாஷர் முதலில், பிறகு ஃபேரி, பிறகு ஹாலிகோரஸ். சிக்ஸ்லைன் ராஸ் சிறியது என்று ஏமாறாதீர்கள், பின்னால் வரும் ராஸையெல்லாம் விரட்டும். இந்தக் கூட்டத்தில் அதைச் சேர்க்காமல் இருப்பதே மேல். ராஸில் பெண் மீன் பின்னால் ஆணாக மாறும். அதனால் ஃபேரியில் ஓர் ஆணும் இரண்டு மூன்று பெண்ணும் வாங்குங்கள், பெண் இருந்தால்தான் ஆணின் நிறமும் மங்காமல் நிற்கும். புதியவரைத் துளையிட்ட பெட்டியில் 3 நாள் தொட்டிக்குள்ளேயே தொங்கவிட்டு, பழைய மீன்கள் பெட்டியை முட்டுவது நின்ற பிறகு திறந்து விடுங்கள்.

காலையில் எண்ணிக்கை குறைந்தால் முதலில் ஓவர்ஃப்ளோ, சம்ப் (கீழே உள்ள ஃபில்டர் தொட்டி), ஃபில்டர் சாக் (நீரை வடிகட்டும் பை), கடைசியாகத் தரை என்று தேடுங்கள். தரையில் கிடக்கும் மீனின் உடம்பில் ஈரம் இருந்தால் விறைத்திருந்தாலும் தூக்கிப் போடாதீர்கள். தொட்டி நீரில் அலசி, மிதமான நீரோட்டத்துக்கு எதிரே வாயை வைத்துப் பிடித்து 10 நிமிடம் செவுளைப் பாருங்கள், பிழைப்பவை உண்டு. பிறகு எந்த இடைவெளியில் வெளியே வந்தது என்று தேடி, அன்று இரவு விளக்கு அணையும் முன் அடையுங்கள்.